கழுத்தில் ஒரு கோடு, திரையில் ஒரு கோடு: ஒரு வாயுக் குமிழின் 200 ஆண்டு வரலாறு

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதையை ஒரு பம்புசெட்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் மல்லாங்கிணறு. விருதுநகர்ல இருந்து காரியாபட்டி போற வழியில வரும். சின்ன வயசுல லீவுக்குப் போனா தாத்தா தோட்டம்தான் கதி. சில நாள் மோட்டார் ஓடும், சத்தமும் நல்லாத்தான் கேட்கும், ஆனா குழாய்ல சொட்டுத் தண்ணி வராது. தாத்தா ஒரு நிமிஷம் காதை வெச்சுக் கேட்டுட்டு ஒரே வார்த்தை சொல்வார்: "ஏர் பிடிச்சிருச்சு."

பம்புக்குள்ள தண்ணி நிக்க வேண்டிய இடத்துல காத்து நின்னா, உள்ள இருக்கிற சக்கரம் வெறும் காத்துல சுத்தும். தண்ணியைத் தள்ள முடியும். காத்து அப்படியே அமுங்கிக் கொடுக்கும், நகராது. மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல, கிணத்துலயும் தண்ணி இருக்கு. ஆனா வயல் காயும்.

இந்த எபிசோட் அந்த ஒரு வாக்கியத்தைப் பத்தினதுதான். மோட்டார் இருக்கிற இடத்துல இதயத்தை வெச்சுக்கோங்க.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டதுன்னு சொல்லிடறேன். என் பெரியம்மா பொண்ணுக்கு, அதாவது எனக்கு அக்காவுக்கு, கழுத்துல ஒரு கட்டி. தைராய்டுல. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாங்க, பெருசா பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா பாதி சுரப்பியை எடுக்கணும்னு மதுரையில டாக்டர் சொல்லிட்டார். அப்போ அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருந்த நேரம். பெரியம்மா அழுதது கட்டிக்காக இல்ல. "கழுத்துல கோடு விழுந்தா எவன்டி வந்து கட்டுவான்?" அதுதான் கவலை.

டாக்டர் ரெண்டு வழி சொன்னார். ஒண்ணு, வழக்கமா கழுத்துல அறுக்கிறது. இன்னொண்ணு, கீழ் உதட்டுக்கு உள்பக்கம் மூணு சின்ன ஓட்டை போட்டு, அது வழியா கேமராவும் கருவியும் விட்டு எடுக்கிறது. வெளியில தழும்பே தெரியாது. பெரியம்மா முகம் மலர்ந்துருச்சு. அப்புறம் டாக்டர் ஒரு வரி சேர்த்தார்: "இதுல கழுத்துக்குள்ள கேஸ் விட்டு இடம் பண்ணுவோம். அரிதா அந்த கேஸ் ரத்தக்குழாய்க்குள்ள போகலாம்."

அந்த வரியை வீட்ல யாரும் கவனிக்கல. அக்கா கவனிச்சா. அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணி, "நீதான் எல்லாத்தையும் நோண்டுவியே, இதை நோண்டிச் சொல்லுடா"ன்னா. நோண்டினதைத்தான் உங்களுக்குச் சொல்றேன். நான் டாக்டர் இல்ல. வரலாறு படிக்கிற ஆள், அவ்வளவுதான்.

உறிஞ்சும் கழுத்து

1818, பாரிஸ். ஒரு பூட்டுத் தொழிலாளிக்குக் கழுத்தை ஒட்டி, தோள் பக்கத்தில் பெரிய கட்டி. பொஷேன் என்ற சர்ஜன் அதை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம்; நோயாளி முழு நினைவோடு இருந்தார். ஒரு சிரை அறுபட்டது. ரத்தம் பீறிடவில்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் இறந்துபோனார். இதயத்தைத் திறந்து பார்த்தபோது உள்ளே காற்று இருந்தது. மஜாந்தி என்ற உடலியல் அறிஞர் 1821-இல் இந்தச் சம்பவத்தை அச்சில் ஏற்றினார். அறுவை சிகிச்சையின்போது காற்று புகுந்து ஏற்பட்ட மரணம் என்று மருத்துவ உலகம் முதலில் பதிந்து வைத்தது இதைத்தான்.

கையில் அறுபட்டால் ரத்தம் வெளியே வரும். கழுத்தில் மட்டும் காற்று ஏன் உள்ளே போகிறது? இரண்டு காரணங்கள். தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கவைத்தால் கழுத்து இதயத்தைவிட மேலே வந்துவிடுகிறது. அப்போது கழுத்துச் சிரைகளில் அழுத்தம் மிகக் குறைவு. மூச்சை உள்ளிழுக்கும்போது வெளிக்காற்றைவிடக் கீழே போய்விடும். இரண்டாவது, கழுத்தின் பெரிய சிரைகள் சுற்றியுள்ள சவ்வோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அறுபட்டாலும் சுருங்கி மூடிக்கொள்ளாமல், வாயைத் திறந்தபடி நிற்கும். திறந்த வாய், உள்ளே இழுவிசை. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரிதான்.

தைராய்டு அறுவை சிகிச்சையே அந்தக் காலத்தில் ஒரு கெட்ட கனவு. ரத்தப்போக்கு, சீழ், மூச்சடைப்பு என்று ஆளைக் கொல்ல ஆயிரம் வழிகள். 1850-இல் பிரெஞ்சு மருத்துவ அகாடமி இந்த அறுவையே கூடாது என்றது. 1866-இல் அமெரிக்காவின் பெரிய சர்ஜன் சாமுவேல் கிராஸ், புத்தியுள்ள எவரும் இதில் இறங்கமாட்டார் என்ற பொருளில் எழுதினார்.

அந்தக் கனவைக் கலைத்தவர் சுவிட்சர்லாந்தின் தியடோர் கோக்கர். கழலை நோய் வீட்டுக்கு வீடு இருந்த மலைநாடு அது. பெர்ன் நகரில் 1872-இல் பேராசிரியரான கோக்கர், ரத்தக்குழாய் ஒவ்வொன்றையும் முதலில் பிடித்துக் கட்டி, அதற்குப் பிறகே வெட்டினார். அவசரமே இல்லாத கை. ஆரம்பத்தில் அவரிடம் அறுவை செய்துகொண்ட நூறு பேரில் 13, 14 பேர் இறந்தார்கள். கடைசிக் காலத்தில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. 1909-இல் நோபல் பரிசு. சர்ஜன் ஒருவருக்குக் கிடைத்த முதல் நோபல்.

கோக்கர் இன்னொரு காரியம் செய்தார். முழு தைராய்டையும் எடுத்த தன் நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். பலர் மந்தமாகி, உடம்பு ஊதி, நடைப்பிணமாக இருந்தார்கள். "என் அறுவை இவர்களைக் கெடுத்துவிட்டது" என்ற உண்மையை 1883-இல் மருத்துவ மாநாட்டில் சொல்லி, இனி முழுச் சுரப்பியை எடுப்பதைத் தவிர்க்கிறேன் என்றார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

ஆக, கோக்கர் வழி என்பது குழாயைக் கட்டு, பிறகு வெட்டு. கழுத்து உறிஞ்சும் ஆபத்து பெருமளவு அடங்கியது. விலையாக நின்றது, கழுத்தின் கீழ்ப்பகுதியில் காலர் மாதிரி ஒரு தழும்பு. நூறு வருஷம் அந்தத் தழும்பை யாரும் கேள்வி கேட்கல.

எந்த வாயு?

இப்போ கழுத்தை விட்டுட்டு வயித்துக்கு வரணும், ஏன்னா கேஸ் அங்கதான் ஆரம்பிச்சது. 1901-இல் ஜெர்மனியின் கெல்லிங், ஒரு நாயின் வயிற்றுக்குள் பஞ்சில் வடிகட்டிய காற்றை ஊதி, குழாய் விட்டு உள்ளே பார்த்துக் காட்டினார். காற்று ஊதினால்தான் உறுப்புகள் விலகி, பார்க்க இடம் கிடைக்கும். ஆனால் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். ரத்தத்தில் அது எளிதில் கரையாது. குமிழ் குமிழாகவே நிற்கும். 1924-இல் சுவிட்சர்லாந்தின் சோலிக்கோஃபர் ஒரு யோசனை சொன்னார்: காற்றுக்குப் பதில் கரியமில வாயு.

நம்ம சோடா பாட்டில்ல இருக்கிறது அதேதான். நீரில் நன்றாகக் கரையும், ரத்தத்தில் அதைவிட நன்றாக. கரைந்தது நுரையீரல் வழியே மூச்சில் வெளியே போய்விடும். நாய்களில் செய்த பழைய சோதனைகளில், உயிரைப் பறிக்கும் கரியமில வாயுவின் அளவு சாதாரணக் காற்றைவிட ஏறக்குறைய 5 மடங்கு. இன்னொரு குணம், எங்க பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சிவகாசிப் பக்கம் வளர்ந்தவன் எவனும் ஆக்ஸிஜனையும் தீப்பொறியையும் ஒண்ணா வைக்கமாட்டான். உள்ளே மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி வேலை செய்கிறது. எரியாத, எரிவதற்குத் துணைபோகாத வாயுதான் அங்கே வேண்டும். தீயணைக்கிற சிலிண்டரில் இருக்கும் வாயு அந்த வேலைக்குப் பொருந்தியது.

இந்தியாவுக்கு இந்த வித்தையை அழைத்துவந்தவர் மும்பையின் டெஹம்டன் உட்வாடியா. 1990-இல் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றி, நாட்டில் முதன்முதலாக அதைச் செய்து காட்டினார். அடுத்த பத்து வருஷத்தில் "ஓட்டை போட்டு ஆபரேஷன்" என்பது மதுரை, கோவைன்னு எங்கேயும் புழங்கும் சொல்லாயிருச்சு.

தள்ளும் வாயு

வயிற்றில் முடிந்தது கழுத்தில் முடியாதா? 1996-இல் மிஷெல் கன்யே கழுத்துக்குள் கரியமில வாயு செலுத்தி, கேமரா வழியாகப் பாராதைராய்டு சுரப்பிகளை எடுத்ததைப் பிரசுரித்தார். உலகத்தில் முதல் முறை. வயிற்றில் இடம் இருக்கிறது. கழுத்தில் அப்படி ஒரு வெற்றிடமே கிடையாது. விட்ட வாயு தசைகளுக்கு நடுவே வழி தேடி, தோலுக்கடியில் உடம்பெங்கும் பரவியது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறியது. இதயம் தாறுமாறான வேகத்தில் துடித்தது. நோயாளி தேறிவிட்டார். கன்யே இதையெல்லாம் மறைக்காமல் எழுதினார். அடுத்த ஆண்டே இத்தாலியின் ஹூஷர் இதே வழியில் தைராய்டின் ஒரு பாதியை எடுத்தார்.

கன்யேயின் கட்டுரை சர்ஜன்களை இரண்டு அணியாகப் பிரித்தது என்றே சொல்லலாம். ஒரு அணி, கேஸே வேண்டாம் என்றது. இத்தாலியின் பீசா நகரில் மிக்கோலி, கழுத்தில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரே வெட்டு, கேமரா, கையால் விலக்கிப் பிடிப்பது என்று போனார். தென்கொரியாவில் சுங் வூங் யூன் அக்குள் வழியே போய், தோலைத் தூக்கிப் பிடிக்கும் கொக்கி வைத்தார். 2007 முதல் அதில் ரோபோவையும் சேர்த்தார். இன்னொரு அணி, கேஸ் இருக்கட்டும், அழுத்தத்தைக் குறைப்போம் என்றது. வயிற்றில் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் வைப்பார்கள். கழுத்தில் அது 6-ஐ ஒட்டி இறங்கியது. அந்த அணியில் வந்தவர்தான் தாய்லாந்தின் அங்கூன் அனுவோங். பாங்காக்கில் உதட்டுக்குள் மூன்று ஓட்டை வழியாகச் செய்த முதல் 60 பேரின் விவரத்தை 2016-இல் வெளியிட்டார். இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு அந்த முறை பரவியது. எங்க அக்காவுக்கு மதுரையில சொன்னதும் அதுதான்.

இப்போ முக்கியமான இடம். பழைய அறுவையில் கழுத்துச் சிரை காற்றை உறிஞ்சியது. இந்த முறையில் வாயுவை நாமே வெளியிலிருந்து அழுத்தித் தள்ளுகிறோம். சிரைக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட வெளியே வாயுவின் அழுத்தம் கூடுதல். கழுத்தின் முன்பக்கம், தோலுக்குச் சற்றுக் கீழே, மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய சிரைகள் இருக்கின்றன. தாடையிலிருந்து கழுத்துக்கு வழி உண்டாக்கும்போது அவற்றில் ஒன்று கிழிந்தால் என்ன ஆகும்? வாயுவின் அழுத்தம் ரத்தத்தை வெளியே விடாது. கேமராவில் சர்ஜனுக்குச் சுத்தமான களம் தெரியும். அந்த நேரத்தில் வாயு அந்தக் கிழிசல் வழியே உள்ளே போய்க்கொண்டிருக்கும். பாரிஸ் தொழிலாளிக்கு 1818-இல் ரத்தம் வராத காயம்தான் எமன். 200 வருஷம் கழித்தும் அதே ரத்தம் வராத காயம்.

இது கற்பனைப் பயம் கிடையாது. வாய்வழி ரோபோ தைராய்டு அறுவையின்போது இப்படி வாயு அடைப்பு ஏற்பட்டதை, சியோலின் ஹன்யாங் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அரிது. ஆனால் நடக்கும்.

திரையில் விழும் கோடு

உள்ளே போன குமிழ் சிரை வழியே இதயத்தின் வலது பக்கம் வந்து சேரும். கொஞ்சம் என்றால் கரைந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஒரே நேரத்தில் நிறைய வந்தால், ஏர் பிடிச்சிரும். இதயம் துடிக்கும், நுரையீரலுக்கு ரத்தம் போகாது. ரத்த அழுத்தம் சரியும். நாலில் ஒருவருக்கு இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே, கருவில் இருந்தபோது திறந்திருந்த ஒரு சின்ன வழி முழுசாக மூடியிருக்காது. அந்த வழியே குமிழ் இடது பக்கம் தாண்டினால் மூளைக்கே போகலாம்.

நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். சர்ஜன் கண் கேமராவில். அப்போ யார் பார்க்கிறது? மயக்க மருந்து டாக்டர். அவர் முன்னால் ஒரு திரை. அதில் ஒவ்வொரு மூச்சு வெளிவரும்போதும் அதிலுள்ள கரியமில வாயுவை அளந்து ஒரு கோடு ஓடும். அந்தக் கருவிக்குப் பேர் கேப்னோகிராஃப். அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அளக்கும் நுட்பத்தை ஜெர்மனியின் கார்ல் லுஃப்ட் உருவாக்கினார். ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டரிலும் அது இருக்க வேண்டிய பொருளாக ஆனது 1980-களுக்குப் பிறகுதான்.

நுரையீரலுக்கு ரத்தம் வந்தால்தான் மூச்சில் கரியமில வாயு வெளியேறும். ரத்தம் வருவது நின்றால் அந்தக் கோடு சட்டென்று கீழே விழும். வழக்கமாக 35, 40-இல் நிற்கும் எண், சில மூச்சுகளில் பாதியாகலாம். இதில் ஒரு ஏமாற்று உண்டு. உள்ளே போனது கரியமில வாயுவே என்பதால் முதலில் எண் சற்று ஏறலாம், பிறகு விழலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி இதைச் சற்றுத் தாமதமாகத்தான் சொல்லும்.

அடுத்து நடக்க வேண்டியவை வரிசையாக. ஒன்று, கேஸை நிறுத்தி, உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். இரண்டு, காயத்தின் மேல் உப்பு நீரை நிரப்ப வேண்டும். கிழிந்த சிரை இனி எதை இழுத்தாலும் அது நீராக இருக்கும். மூன்று, முழு ஆக்ஸிஜன். நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுத்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டும், அது குமிழுக்குள் புகுந்து அதை ஊதிப் பெருக்கும். நான்கு, தலையைத் தாழ்த்தி, இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பது.

கடைசியாச் சொன்னதைக் கொத்தனார் உடனே புரிஞ்சுக்குவார். ரசமட்டத்தைச் சாய்ச்சா குமிழ் எந்தப் பக்கம் போகும்? உசரமான பக்கம். உடம்பைச் சாய்த்தால் குமிழ் இதயத்தின் வாசலை விட்டு மேலே மிதந்து விலகும், அடியில் ரத்தம் ஓட வழி கிடைக்கும். 1947-இல் தாமஸ் டுரான்ட் நாய்களில் சோதித்துச் சொன்னது இது. பிற்காலச் சோதனைகளில் இந்தப் பலன் அவ்வளவு தெளிவாக வரவில்லை. எனவே இதயம் நின்றுவிட்டால், சாய்ப்பதில் நேரம் போக்காமல் மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சை அழுத்துவதுதான் முதல் வேலை. அந்த அழுத்தமே பெரிய குமிழை உடைத்து நகர்த்த உதவும். பெரிய சிரைக்குள் ஏற்கெனவே குழாய் இருந்தால், அது வழியே குமிழை உறிஞ்சியும் பார்ப்பார்கள்.

எழுதி வைத்தவர்கள்

இதையெல்லாம் படிச்சப்போ எனக்கு எங்க ஊர்ப்பக்கம்தான் ஞாபகம் வந்துச்சு. பட்டாசு ஆலையில ஒரு அறையில 4 பேருக்கு மேல வேலை செய்யக் கூடாதுன்னு ஒரு விதி. அந்த 4 சும்மா வந்த நம்பர் இல்ல, அதுக்குப் பின்னால செத்தவங்க இருக்காங்க. 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி விபத்து நடந்தப்போ நாங்க எல்லாருமே யாரையாவது தேடி போன் அடிச்சோம். விதி ஏட்டில் இருப்பது ஒன்று, வேலை நடக்கும் இடத்தில் இருப்பது இன்னொன்று என்று அன்றைக்குப் புரிந்தது.

கழுத்து அறுவையின் வரலாறும் அப்படித்தான். 1821-இன் கட்டுரை, கோக்கரின் ஒப்புதல், 1996-இல் கன்யே எழுதியது, 2018-இல் சியோல்காரர்கள் எழுதியது. எல்லாமே "எங்க கையில இப்படி ஆச்சு" என்று சொன்னவை. 15 என்பது 6 ஆக இறங்கியதற்கும் அப்படி வெளியே சொன்னவர்கள்தான் காரணம்.

அக்காகிட்ட இதையெல்லாம் சொன்னேன். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனப்போ அவ நேராக் கேட்டா: "சார், உள்ள கேஸ் போயிருச்சுன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கோபப்படல. மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் அந்தக் கோட்டை வரைஞ்சு காட்டினார். "இது விழுந்தா நான் சத்தம் போடுவேன்மா. சர்ஜன் அந்த நிமிஷமே கேஸை நிறுத்தணும்."

"அவர் நிறுத்துவாரா?"

பக்கத்துல நின்ன சர்ஜன் சொன்னார்: "நிறுத்துவேன். தேவைப்பட்டா கழுத்துலயே திறந்துருவேன். அதுக்கும் சேர்த்துத்தான் உன்கிட்ட கையெழுத்து வாங்குறோம்."

பெரியம்மாவுக்கு அந்தக் கடைசி வரி பிடிக்கல. "அப்ப எதுக்குடி இதெல்லாம்?"னாங்க. அக்கா சொன்னா, "அம்மா, கோடு விழுந்தா விழட்டும், நான் எந்திரிச்சு வரணும்ல." கையெழுத்துப் போட்டா.

ரெண்டரை மணி நேரம். திறக்க வேண்டி வரல. கொஞ்ச வாரம் தாடை மரத்துப்போய் இருந்துச்சு, அது இந்த முறையில வரக்கூடியதுதான், அப்புறம் சரியாயிருச்சு. கல்யாணத்துல பெரியம்மா எல்லார்கிட்டயும் "பாருங்க, கோடே இல்ல"ன்னு காட்டிட்டு இருந்தாங்க. அக்கா அந்த மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடல. பர்ஸ்ல மடிச்சு வெச்சிருக்கா.

உங்க வீட்ல யாருக்காவது இந்த ஆபரேஷன் சொன்னா நாலு கேள்வி கேளுங்க. கேஸ் உண்டா, எவ்வளவு அழுத்தம்? மூச்சுக் கரியமில வாயுவை அளக்கிற கருவி தியேட்டர்ல இருக்கா? நீங்க இந்த முறையில எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க? எப்போ நிறுத்திட்டுக் கழுத்தைத் திறப்பீங்க? கடைசிக் கேள்விக்குத் தயங்காம பதில் சொல்ற டாக்டர் கிடைச்சா, தழும்பு இருந்தாலும் இல்லாட்டியும் நீங்க நல்ல இடத்துலதான் இருக்கீங்க.

அடுத்த வாரம் வேற ஒரு கதையோட வர்றேன். உடம்பைப் பார்த்துக்கோங்க.